லாயத்துக் கதவு யாருக்காகப் பூட்டப்பட்டது?

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



குதிரைப் பந்தயம் என்று சொன்னவுடனே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. சம்பளம் வாங்கிய கையோடு பந்தயத் திடலுக்குப் போய், பொழுது சாய்ந்தபின் வெறுங்கையோடு வீடு திரும்பிய தகப்பன்மார்களின் கதை நமக்குப் புதிதல்ல. அந்தச் சூதாட்டத்திற்கு வக்காலத்து வாங்க நான் இங்கே வரவில்லை.

இன்று மன்றத்தின் முன் உள்ள கேள்வி வேறு. பந்தயத் திடலில் குதிரைகளைக் கட்டி வைத்திருக்கும் லாயப் பகுதிக்குள் பொதுமக்களை அனுமதிக்கலாமா, கூடாதா? எனக்கு முன் பேசிய நண்பர் கூடவே கூடாது என்றார். பூட்டு இருப்பது நன்மைக்கே என்பது அவர் வாதம். அவர் சொன்னதில் பாதி உண்மை. மறு பாதியைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

முன்பக்கமும் பின்பக்கமும்

ஒரு பந்தயத் திடலுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. முன்பக்கத்தில் பார்வையாளர் மாடம், பணம் கட்டும் முகப்புகள், வெற்றிக் கோப்பை, புகைப்படக்காரர்கள். பின்பக்கத்தில் லாயம். ஒரு குதிரை மக்கள் முன்னால் ஓடுவது ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு மூன்று நிமிடம். மற்ற நேரமெல்லாம் அது வாழ்வது பின்பக்கத்தில்தான். விடியுமுன் பயிற்சி, பிறகு குளிப்பாட்டுதல், உடம்பைத் தேய்த்து விடுதல், தீனி, லாடம், கால்நடை மருத்துவர் என்று ஒரு சிற்றூரே அங்கு இயங்குகிறது.

நான் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்து வீட்டு மாமா ஒருவர் பால்மரம் வெட்டுவதை விட்டுவிட்டு, பந்தயக் குதிரைகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போனார். அந்த வேலைக்கு இங்கே சைஸ் என்று பெயர். அரபு மொழியில் பிறந்து, இந்துஸ்தானி வழியாக மலாய் வரைக்கும் வந்து சேர்ந்த சொல் அது. மாமா விடுமுறைக்கு வரும்போது சட்டையில் வைக்கோல் வாசம் வரும். "எந்தக் குதிரை மாமா ஜெயிக்கும்?" என்று இளைஞர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். "ஜெயிக்கிறதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. எதுக்குக் கால் வலிக்குதுன்னு கேளு, சொல்றேன்" என்பார்.

அவர் பல ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தார். ஆனால் அவர் வேலை பார்த்த இடத்தை அவருடைய மனைவியோ பிள்ளைகளோ ஒரு நாளும் பார்த்ததில்லை. வெளியாருக்கு அனுமதி இல்லை என்பதுதான் காரணம். அந்தக் கதவு ஏன் பூட்டப்பட்டது என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கியதே அதனால்தான்.

பூட்டு வந்த கதை

இங்கிலாந்தில் நியூமார்க்கெட் என்று ஓர் ஊர். 17ஆம் நூற்றாண்டிலிருந்தே பந்தயக் குதிரைகளுக்குப் பேர் போன ஊர். அங்கே குதிரைகள் திறந்த புல்வெளியில் பயிற்சி எடுக்கும். வெளியில் இருக்கும் தொட்டிகளில் தண்ணீர் குடிக்கும். 1811ஆம் ஆண்டில் அந்தத் தண்ணீரில் யாரோ பாஷாணம் கலந்துவிட்டார்கள். குதிரைகள் துடிதுடித்துச் செத்தன. தோற்கும் என்று பணம் கட்டியவர்களுக்கு லாபம் சேர்ப்பதற்காகச் செய்யப்பட்ட கொலை அது. டேனியல் டாசன் என்பவன் பிடிபட்டான். 1812இல் கேம்பிரிட்ஜில் அவனைத் தூக்கிலிட்டார்கள். வாயில்லாப் பிராணிக்கு விஷம் வைக்கும் உலகத்தில் தொட்டிக்கும் லாயத்துக்கும் காவல் வேண்டும் என்பதை யார் மறுக்க முடியும்?

இது முதல் பூட்டு. குதிரையைக் காக்கும் பூட்டு.

ஆனால் அதே ஊரில் அதே காலத்தில் இன்னொரு பூட்டும் தயாராகிக்கொண்டிருந்தது. பந்தயத்திற்கு முன்னால் எந்தக் குதிரை எவ்வளவு வேகம் என்று உரிமையாளர்கள் இரகசியமாக ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அதை மறைந்திருந்து பார்த்து, செய்தியை விற்றுப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். 1821இல் தொலைநோக்கி வைத்துப் பார்த்த ஒருவரை, இனி இந்தப் புல்வெளியில் கால் வைக்கக் கூடாது என்று ஜாக்கி கிளப் விரட்டியது. 1827இல் நீதிமன்றமும் அந்த அமைப்புக்கு அப்படி விரட்டும் உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது.

கவனியுங்கள் நேயர்களே! தொலைநோக்கியால் குதிரைக்கு விஷம் வைக்க முடியாது. ஆபத்து குதிரைக்கு அல்ல, உரிமையாளரின் பணத்துக்கு. அந்த உரிமையாளர்களும் பந்தயம் கட்டியவர்கள்தாம். தமக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியக் கூடாது என்பதே அவர்கள் கவலை. இது இரண்டாவது பூட்டு. இரகசியத்தைக் காக்கும் பூட்டு.

இந்த இரண்டு பூட்டுகளையும் ஒரே கதவில் மாட்டியதுதான் பிரச்சினையின் தொடக்கம் என்பது என் கருத்து.

"குதிரையைக் காட்டுங்கள்!"

இரகசியம் என்ன செய்யும் என்பதற்கு 1844ஆம் ஆண்டின் எப்சம் டெர்பி சாட்சி. டெர்பி பந்தயத்தில் மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். அந்த ஆண்டு ரன்னிங் ரெய்ன் என்ற குதிரை முதலில் வந்தது. ஆனால் உண்மையில் ஓடியது மக்காபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை! பெயரை மாற்றி ஓடவிட்டிருந்தார்கள். பிஞ்சுகளுக்கு நடுவே வளர்ந்தது ஒன்று ஓடினால் வெல்லாமல் என்ன செய்யும்?

வழக்கு நீதிமன்றம் சென்றது. சான்றுத்தாள்களும் சாட்சிகளும் வந்தன. நீதிபதி ஆல்டர்சன், முதலில் குதிரையைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். பல்லைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும் அல்லவா? ஆனால் குதிரையைக் காணோம். எங்கோ மறைத்துவிட்டார்கள். வழக்கு அத்தோடு தோற்றது. இரண்டாவதாக வந்த ஆர்லாண்டோவுக்கு வெற்றி வழங்கப்பட்டது.

அந்த நீதிபதி கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். குதிரையைக் காட்டுங்கள்! காட்ட முடியாத இடத்தில்தான் கள்ளம் வளர்கிறது.

அடுத்தது ஊக்கமருந்து. 1900ஆம் ஆண்டையொட்டி, இங்கிலாந்துத் திடல்களில் சில குதிரைகளுக்குக் கொக்கேன் போன்ற மருந்துகளைக் கொடுத்து ஓடவிட்டார்கள். அப்போது அதைத் தடுக்கும் விதியே இல்லை. ஜார்ஜ் லாம்டன் என்ற பயிற்சியாளர், இதன் ஆபத்தைப் பெரியவர்களுக்கு உணர்த்த ஒரு வழி கண்டார். முன்கூட்டியே சொல்லிவிட்டு, தம்முடைய சோம்பேறிக் குதிரைகள் சிலவற்றுக்கு அந்த மருந்தைக் கொடுத்து ஓடவிட்டார். அதுவரை எதற்கும் உதவாமல் இருந்தவை வரிசையாக வென்றன. அதன் பிறகே, 1903இல், ஜாக்கி கிளப் ஊக்கமருந்தைத் தடை செய்தது. 1910ஆம் ஆண்டு வாக்கில் ஆஸ்திரியாவில் குதிரையின் உமிழ்நீரைச் சோதிக்கும் முறை வந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. மருந்து கொடுத்தவர்கள் சுவர் ஏறிக் குதித்து வந்தவர்கள் அல்லர், லாயத்துக்குள்ளேயே இருந்தவர்கள். வெளியாரைத் தடுக்கும் கதவு உள்ளே இருப்பவரைத் தடுக்காது. அதைத் தடுத்தது சோதனைதான்.

பூட்டு தேவைப்பட்ட நாள்கள்

அப்படியானால் கதவை அகலத் திறந்து போட்டுவிடலாமா? அதுவும் முடியாது. நண்பருக்கு நான் ஒப்புக்கொள்ளும் பாதி இதுதான்.

1981இல் எப்சம் டெர்பியைப் பத்துக் குதிரை நீள இடைவெளியில் வென்றது ஷெர்கர். ஓய்வு பெற்றபின் அயர்லாந்தில் கில்டேர் மாவட்டத்தில் இருந்த பாலிமெனி பண்ணையில் இனப்பெருக்கத்துக்காக வைத்திருந்தார்கள். காவல் பலமாக இல்லை. 1983 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு, முகமூடி அணிந்த ஆயுதக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் முதலில் தேடிப் போனது உரிமையாளரை அல்ல, குதிரையைப் பராமரித்தவரை. அவரை மிரட்டி, அவர் கையாலேயே குதிரையை வண்டியில் ஏற்றினார்கள். பல இலட்சம் பவுன் கேட்டு மிரட்டினார்கள். ஷெர்கர் திரும்பி வரவே இல்லை. இன்று வரை அதன் எலும்பு கூடக் கிடைக்கவில்லை.

நோயும் ஒரு காரணம். 2007 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் குதிரைச் சளிக்காய்ச்சல் பரவியது. வெளிநாட்டிலிருந்து வந்த குதிரைகளை, சிட்னிக்கு அருகில் ஒரு தனிமைப்படுத்தும் நிலையத்தில் வைத்திருந்தார்கள். கிருமி அங்கிருந்து வெளியேறியது. நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் ஆயிரக்கணக்கான இடங்களில் குதிரைகள் படுத்துவிட்டன. சிட்னியில் பந்தயங்கள் நின்றன. ஓய்வு பெற்ற நீதிபதி காலினன் தலைமையில் நடந்த விசாரணை 2008இல் அறிக்கை தந்தது. சரியாகச் சுத்தம் செய்துகொள்ளாமல் வெளியே வந்த யாரோ ஒருவரின் உடம்போடோ உடையோடோ கருவியோடோ கிருமி வெளியேறியிருக்க வேண்டும் என்பதே அதன் முடிவு.

ஆகவே முதல் பூட்டு இருக்கட்டும். விஷம், திருட்டு, தொற்று, இந்த மூன்றுக்கும் காவல் வேண்டும். நான் கழற்றச் சொல்வது இரண்டாவது பூட்டை மட்டுமே.

நம் மண்ணில் நடந்தது என்ன?

இங்கிலாந்தின் பந்தயம் நம் மண்ணுக்கு வந்தபோது அந்த இரண்டு பூட்டுகளும் கூடவே வந்தன. சிங்கப்பூரில் 1842இல் வெள்ளைக்காரர்கள் விளையாட்டுக் கிளப் ஒன்றைத் தொடங்கி, 1843 பிப்ரவரியில் முதல் பந்தயத்தை நடத்தினார்கள். இடம் இன்றைய ஃபேரர் பார்க். தேக்காவுக்குப் போகிறவர்கள் மீன் தலைக் கறி சாப்பிடும் ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற சாலைக்கு அந்தப் பெயர் வந்தது அந்தத் திடலால்தான். சிங்கப்பூர் வீழ்ந்தபின், 1942 பிப்ரவரி 17ஆம் தேதி இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியர் ஒன்றுகூட்டியதும் அதே ஃபேரர் பார்க்கில்தான்.

1924இல் அந்தக் கிளப் சிங்கப்பூர் டர்ஃப் கிளப் ஆனது. 1933இல் புக்கிட் தீமாவுக்கும் 1999இல் கிராஞ்சிக்கும் இடம் மாறியது. இங்கே பினாங்கில் 1864இலும், பேராக்கில் 1886இலும், சிலாங்கூரில் 1896இலும் கிளப்கள் தோன்றின. கோலாலம்பூரில் இன்று இரட்டைக் கோபுரம் நிற்கும் இடம், 1990களின் தொடக்கம் வரை அம்பாங் சாலையில் இருந்த குதிரைப் பந்தயத் திடல்! அங்கே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு உலாவப் போகிறோமே, இங்கே ஒரு காலத்தில் குதிரைகள் ஓடின என்று எத்தனை பேர் சொல்லிக் கொடுக்கிறோம்?

19ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் குதிரை வண்டி ஓட்டியவர்களிலும் சைஸ் வேலை பார்த்தவர்களிலும் தென்னிந்தியர்கள் இருந்தார்கள். ஜாவாவுக்கு வடக்கே உள்ள பாவியான் தீவிலிருந்து வந்தவர்கள் இந்த வேலையில் பேர் எடுத்தவர்கள். கோப்பையில் குதிரையின் பெயர் இருக்கும். உரிமையாளர் பெயர் இருக்கும். ஜாக்கியின் பெயர் செய்தித்தாளில் வரும். விடியுமுன் எழுந்து அந்தக் குதிரைக்குத் தண்ணீர் காட்டியவரின் பெயர் எங்கே இருக்கிறது? கதவுக்குப் பின்னால் இருந்தவர் வரலாற்றுக்கும் வெளியிலேயே நின்றுவிட்டார்.

இதன் விளைவை நாம் கண் முன்னால் பார்த்துவிட்டோம். சிங்கப்பூரில் பந்தயம் நிறுத்தப்படும் என்று 2023 ஜூன் 5ஆம் தேதி அறிவித்தார்கள். 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் நடந்தது. 182 ஆண்டு வரலாறு ஒரு பிற்பகலில் முடிந்தது. பினாங்கிலும் 2025 மே 31ஆம் தேதி கடைசிப் பந்தயம் நடந்து முடிந்தது.

கிராஞ்சியில் சராசரியாக ஒரு பந்தய நாளுக்கு 2010இல் ஏறக்குறைய 11,000 பேர் வந்தார்கள். 2019இல் அது 6,000. கொவிட் தொற்றுக்குப் பிறகு 2,600. சுமார் 120 ஹெக்டேர் நிலம் வீட்டு வசதி போன்ற தேவைகளுக்கு வேண்டும் என்றது அரசாங்கம். சின்னஞ்சிறு தீவில் அது நியாயமான தேவைதான். லாயத்தைத் திறந்து வைத்திருந்தால் திடல் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். மக்களுக்குக் காட்டியது எண்களை மட்டும்தான். குதிரை எண், பந்தய எண், கட்டிய பணம். அந்த எண்கள் கைத்தொலைபேசிக்கே வந்துவிட்ட பிறகு, திடலுக்கு எதற்குப் போக வேண்டும்?

அறிவிப்பு வந்தபோது அங்கே சுமார் 700 குதிரைகளும் கிளப்பில் ஏறக்குறைய 350 ஊழியர்களும் இருந்தார்கள். பயிற்சியாளர்களிடம் வேலை பார்த்த சைஸ்மார்கள் வேறு. குதிரைகளை எங்கே அனுப்புவது, இவர்கள் அடுத்து என்ன வேலைக்குப் போவது என்ற கவலை அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றியது. வெளியில் இருந்த பெரும்பாலோருக்கு அது ஒரு நாள் செய்தி. தெரியாத ஒன்றுக்காக யாரால் கவலைப்பட முடியும்?

திறந்து பார்த்தவர்கள்

கதவைத் திறந்து பார்த்தவர்களும் உலகில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் 1863இல் பந்தயம் தொடங்கிய சரட்டோகாவில், காலை உணவு சாப்பிட்டுக்கொண்டே பயிற்சியைப் பார்ப்பதும், வழிகாட்டியோடு வண்டியில் ஏறி லாயப் பகுதியைச் சுற்றி வருவதும் வாடிக்கையாக இருந்து வந்திருக்கின்றன. இங்கிலாந்தில் லாம்போர்ன் பள்ளத்தாக்கில் புனித வெள்ளியன்று பயிற்சியாளர்கள் தங்கள் லாயங்களை மக்களுக்குத் திறந்து வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. 2021இல் பிரிட்டன் முழுவதும் பந்தயக் குதிரை வாரம் என்று ஒன்றைத் தொடங்கி, பயிற்சி லாயங்களுக்குப் பொதுமக்களை அழைத்தார்கள்.

எல்லாருக்கும் எல்லா நேரமும் திறந்த கதவு அல்ல இது. குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம், கூடவே ஒரு வழிகாட்டி. திருடனும் விஷக்காரனும் புகாமல், பள்ளிப் பிள்ளை புக முடிகிறது. விஷம் வைத்தவனைத் தூக்கிலிட்ட நாட்டிலேயே இது முடிகிறது என்றால் மற்ற இடங்களில் ஏன் முடியாது?

லயமும் லாயமும்

ஆனால் ஓர் எச்சரிக்கை. லாயம் குதிரைக்கு மட்டும் வீடு அல்ல. அமெரிக்கத் திடல்கள் பலவற்றில் பராமரிப்பாளர்கள் லாயத்துக்குப் பக்கத்திலேயே உள்ள விடுதி அறைகளில் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் பலர் இலத்தீன் அமெரிக்காவிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்துக்குப் பெரிய மனிதர்கள் பார்வையிட வருவார்கள். முதல் நாளே லயத்துக்கு வெள்ளை அடிப்பார்கள். சாக்கடையைத் தள்ளிவிடுவார்கள். எங்களுக்கு நல்ல சட்டை போட்டு நிறுத்துவார்கள். வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். எங்களையும் பார்த்தார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கார் ஏறிப் போய்விட்டார்கள்.

லாயத்தைத் திறப்பதும் அப்படி ஆகிவிடக் கூடாது. வேலை செய்கிறவர்களை வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது. அவர்கள் தங்கும் அறை அவர்களுடையது. அங்கே யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. லாயத்தைச் சுற்றிக் காட்டுவது யார் என்றால், கோட்டு போட்ட அதிகாரி அல்ல, அந்தக் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சைஸாக இருக்க வேண்டும். அதற்கு அவருக்குக் கூலியும் தர வேண்டும்.

முடிவாக, நேயர்களே, என் கருத்து இதுதான். பந்தயம் நடக்கும் எந்த ஊரானாலும் சரி, மாதத்தில் ஒரு காலை நேரமாவது லாயம் திறக்கட்டும். வருகிறவர்கள் கையையும் காலணியையும் கிருமிநாசினியில் கழுவிக்கொண்டு உள்ளே போகட்டும். தீனியையும் தண்ணீரையும் தொட வேண்டாம். அன்றோ மறுநாளோ ஓடவிருக்கும் குதிரைகளின் பக்கம் போக வேண்டாம். ஆனால் குதிரைக்கு என்ன மருந்து கொடுக்கப்பட்டது, எந்தக் காயத்துக்குச் சிகிச்சை நடக்கிறது, ஓய்வு பெற்ற குதிரை எங்கே போயிற்று என்பதையெல்லாம் கேட்டால் சொல்ல வேண்டும். குதிரையைக் காக்கும் பூட்டு அப்படியே இருக்கும். இரகசியத்தைக் காக்கும் பூட்டு கழன்றுவிடும்.

அந்த முதல் நாள் காலையில் யாரை முதலில் அழைக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், பணக்கார உரிமையாளர்களை அல்ல, பத்திரிகைக்காரர்களை அல்ல, பந்தயம் கட்டுகிறவர்களையும் அல்ல என்பேன். அங்கே வேலை பார்ப்பவர்களின் மனைவி மக்களை அழையுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அத்தை, கணவரின் சட்டையில் வந்த வைக்கோல் வாசத்தை மட்டும்தான் அறிந்திருந்தார். அவர் எந்தக் குதிரையின் காலைப் பிடித்துப் பார்த்தார், எந்த மூலையில் உட்கார்ந்து காலைத் தேநீர் குடித்தார் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது. மாமாவும் போய்விட்டார், அத்தையும் போய்விட்டார். இன்னொரு குடும்பத்துக்கு அந்த நிலை வேண்டாம்.